அரசியின் கையில் ஒரு பாம்பு

கடையில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கடைக்காரர் என்ன செய்கிறார்? வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். வெறுமையாக இருந்த இடத்தில் காந்தியடிகளின் முகம் மெல்லத் தெரிகிறது. அது மையால் அச்சிட்ட முகமன்று. தாள் மெலிந்த இடத்தில் ஒளி கூடுதலாகவும் தடித்த இடத்தில் குறைவாகவும் கடந்து வருகிறது. அந்த ஏற்றத்தாழ்வுதான் முகமாகத் தெரிகிறது. மேலே அச்சிட்டிருக்கும் படத்தைவிட, உள்ளே மறைந்திருக்கும் இந்தப் படத்தைத்தான் கடைக்காரர் நம்புகிறார்.

இதே வேலையை, கண்ணுக்குத் தெரியாத கதிர்களைக் கொண்டு, லண்டன் மாநகரில் ஒரு கூட்டத்தார் செய்து வருகிறார்கள். அவர்கள் சோதிப்பது நோட்டுகளை அல்ல. நானூறு, ஐந்நூறு ஆண்டுப் பழமையான மனித முகங்களை. அவை இருக்கும் இடத்துக்குத் தேசிய உருவப்படக் காட்சிக்கூடம் என்று பெயர். அவ்வூரார் ‘நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி’ என்பார்கள்.

1856ஆம் ஆண்டு ஸ்டான்ஹோப் பிரபு என்பவரின் முயற்சியால் அது தோன்றியது. முதல் அறங்காவலர்களில் ஒருவர் மெக்காலே. நம் நாட்டு ஆங்கிலக் கல்வியைப் பற்றிய பாடத்தில் நீங்கள் சந்திக்கும் அதே மெக்காலேதான். தொடக்கத்திலேயே ஒரு விதி செய்துகொண்டார்கள். படத்தைச் சேர்க்கும்போது வரைந்தவரின் திறமையைப் பார்க்க வேண்டியதில்லை. வரையப்பட்டவர் நாட்டின் வரலாற்றில் இடம்பெற்றவரா என்று பார்த்தால் போதும். உயிரோடு இருப்பவர்களின் படம், அரச தம்பதியரைத் தவிர, கூடாது என்பதும் விதி. இந்த இரண்டாவது விதி 1969 வரை நீடித்தது.

முதல் விதியைச் சற்று எண்ணிப் பாருங்கள். மற்ற ஓவியக்கூடங்களில் படம் அழகாக இருந்தால் போதும். இங்கே அழகு இரண்டாம் பட்சம். ‘இந்த முகம் உண்மையிலேயே அவருடையதுதானா?’ என்பதே முதற்கேள்வி. வேறு யாருடைய முகமாகவோ இருந்துவிட்டால், சுவரில் தொங்கும் படம் பொய்ச்சாட்சி ஆகிவிடும். அந்தக் கூடத்தின் பதிவேட்டில் முதல் எண் பெற்ற படமே இந்தச் சிக்கலில் மாட்டியதுதான். காதில் வளையம் அணிந்த அந்த மனிதர் நாடகாசிரியர் ஷேக்ஸ்பியர் என்று நம்பப்படுகிறது. ‘சாண்டோஸ் படம்’ என்பது அதன் பெயர். அவர்தாம் என்று யாரும் ஐயமற நிறுவியதில்லை. இந்தப் படத்திடம் பிறகு வருவோம்.

இப்போது முதலாம் எலிசபெத் அரசியின் படம் ஒன்றைப் பார்ப்போம். 1580களிலோ 1590களிலோ மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டது. தீட்டியவர் யாரென்று தெரியாது. அரசியின் கையில் சிறு ரோஜாக் கொத்து இருக்கிறது. ஆனால் காலப்போக்கில் மேல்பூச்சு சிதைந்து, விரல்களைச் சுற்றி ஏதோ ஒரு வளைவு நிழலாகத் தெரியத் தொடங்கியது. ஆராய்ந்து பார்த்தபோது அது சுருண்ட பாம்பு என்று தெரிந்தது! முதலில் பாம்பைத் தீட்டிவிட்டு, கடைசிக் கட்டத்தில் அதை ரோஜாவால் மூடியிருக்கிறார்கள். 2010இல் காட்சிக்கூடம் இதை மக்களுக்குக் காட்டியது. பாம்பு அறிவுக்கும் விவேகத்துக்கும் சின்னம். அதே சமயம் கிறித்தவ மரபில் பாவத்தை மூட்டிய சாத்தானுக்கும் சின்னம். இரண்டாவது பொருளை யாராவது எடுத்துக்கொண்டால் ஓவியர் கதி என்னவாகும்? மாற்றியதற்கு அதுவே காரணமாயிருக்கலாம் என்பது என் ஊகம்.

மூடிய பாம்பு எப்படி வெளியே வரும்? நம் வீட்டிலேயே பார்க்கலாம். சூடான வடையைக் காகிதத்தில் வைத்தால் எண்ணெய் ஊறிய இடம் ஒளி ஊடுருவும்படி ஆகிறது. அடியில் உள்ள எழுத்துகள் தெரிகின்றன. காகித இழைகளுக்கு இடையில் காற்று இருந்தவரை, இழைக்கும் காற்றுக்கும் ஒளிவிலகல் எண்ணில் வேறுபாடு மிகுதி. அதனால் ஒளி சிதறி, காகிதம் வெண்மையாகத் தோன்றியது. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்ததும் அந்த வேறுபாடு குறைகிறது, சிதறலும் குறைகிறது. எண்ணெய் வண்ணத்தில், நிறமித் துகள்களைச் சுற்றிலும் இருக்கும் எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஆண்டுகள் ஆக ஆகச் சற்றே உயர்கிறது. அது நிறமியின் எண்ணை நெருங்கினால் பூச்சு தன் மறைக்கும் திறனை இழக்கிறது. வடைக் காகிதத்தில் ஒரு நிமிடத்தில் நடப்பது ஓவியத்தில் நூறு ஆண்டுகளில் நடக்கிறது.

அந்தப் பலகையில் பாம்பு மட்டுமா இருந்தது? எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தபோது அரசிக்கு அடியில் இன்னொரு பெண்ணின் முகம் கிடைத்தது. அரசி பார்க்கும் திசைக்கு எதிர்த்திசையில் அவள் பார்க்கிறாள். யாரோ தொடங்கி முடிக்காமல் விட்ட படம். பலகையை வீணாக்க மனமின்றி அதன்மேலேயே அரசியைத் தீட்டிவிட்டார்கள். அவள் யாரென்று இன்றுவரை தெரியாது.

எலும்பு முறிந்தால் மருத்துவமனையில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பதை அறிவீர்கள். சதையில் மிகுந்திருப்பவை கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற இலேசான அணுக்கள். எலும்பில் கால்சியம் உண்டு; அதன் அணு எண் 20. அணு எண் உயர உயர எக்ஸ்-கதிரை உட்கவரும் ஆற்றல் மிக வேகமாக உயரும். ஆகவே எலும்பு கதிர்களைத் தடுத்துப் படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. அக்கால ஓவியர்கள் முகத்துக்கு ஒளியூட்டப் பயன்படுத்தியது காரீய வெள்ளை. காரீயத்தின் அணு எண் 82! கால்சியத்தையே தடுப்புச் சுவர் என்றால் காரீயத்தைக் கோட்டை மதில் எனலாம். நெற்றி, மூக்கு, கன்னம் என்று வெள்ளை பூசிய இடமெல்லாம் எக்ஸ்-கதிர்ப் படத்தில் பளிச்சென்று விழுகிறது. மேலே எத்தனை பூச்சு இருந்தாலும் அடியிலிருக்கும் காரீயம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓவியருக்குத் தெரியாமலே அவர் தூரிகை, பிற்கால மருத்துவமனைக் கருவிக்கு ஏற்றபடி வரைந்திருக்கிறது.

ஆனால் எக்ஸ்-கதிருக்கும் ஒரு குறை உண்டு. ஓவியர் வண்ணம் பூசுமுன் கரியால் வரையும் கோட்டோவியம் அதற்குத் தெரியாது. கரி என்பது கார்பன். அணு எண் 6. கதிர் தங்கு தடையின்றிப் போய்விடும். இங்கேதான் வேறொரு கதிர் கைகொடுக்கிறது. அதன் கதை இந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது.

லெமுவல் ஃபிரான்சிஸ் அபட் என்ற ஓவியர் 1785இல் தீட்டிய படம் ஒன்று அங்கே உண்டு. படத்தில் இருப்பவர் வில்லியம் ஹெர்ஷல். இசைக்கலைஞராக இருந்து வானியலுக்கு வந்து, 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர். அந்தப் படத்துக்கு அமர்ந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1800இல், அவர் எளிய சோதனை ஒன்று செய்தார். சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போக வெப்பம் ஏறியது. சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் வைத்தபோது இன்னும் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் அப்படித்தான் அகப்பட்டது. எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் இதைச் செய்து காட்டுவதுண்டு. வெப்பமானியின் குமிழைக் கறுப்பாக்க மறந்துவிட்டு ‘ஏறவே இல்லை சார்’ என்று சொல்லும் மாணவர் ஒருவராவது எல்லா ஆண்டும் இருப்பார்.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4 மைக்ரான் முதல் 0.7 மைக்ரான் வரை. ஓவியங்களை ஆராயப் பயன்படும் அகச்சிவப்புக் கதிரின் அலைநீளம் ஒன்று முதல் இரண்டு மைக்ரான். அலைநீளம் கூடினால் சிறு துகள்களில் சிதறுவது குறையும். அதனால் கதிர் மேல்பூச்சைக் கடந்து அடித்தளம் வரை போகிறது. அடித்தளம் வெண்மையான சுண்ணப்பூச்சு, கதிரைத் திருப்பியனுப்புகிறது. கரிக்கோடுகள் மட்டும் அதை விழுங்கிவிடுகின்றன. அகச்சிவப்பு ஒளிப்படக் கருவியில் வெள்ளைத் தளத்தில் கறுப்புக் கோடுகளாக, ஓவியர் முதன்முதல் போட்ட கோடு தெரிந்துவிடும். அவர் எங்கே தயங்கினார், எந்த விரலை நகர்த்தி வரைந்தார் என்பதைக்கூடப் பார்க்கலாம். (உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட்டைக் கைப்பேசிக் காமிராவுக்கு நேரே காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி பல கைப்பேசிகளின் திரையில் மினுங்கும். பின்பக்கக் காமிராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் காமிராவில் முயலுங்கள்.)

எலிசபெத்தின் ஒற்றர்படைத் தலைவர் ஃபிரான்சிஸ் வால்சிங்காம். தீவிரப் புராட்டஸ்டண்டு, கத்தோலிக்கர்களின் சதிகளை மோப்பம் பிடிப்பதே அவர் தொழில். அவருடைய படம் ஒன்றை இந்தக் கதிர்களால் ஆராய்ந்தபோது அடியில் என்ன இருந்தது தெரியுமா? குழந்தை இயேசுவை ஏந்திய மரியன்னை. அதாவது கத்தோலிக்கர் வைத்து வணங்கும் படம்! வேண்டுமென்றே செய்த கேலியா, பழைய பலகை மலிவாகக் கிடைத்ததா என்பதைக் கதிர் சொல்லாது. நாட்டில் சமயம் மாறிய அக்காலத்தில் கைவிடப்பட்ட வழிபாட்டுப் படங்கள் பல இருந்திருக்கும் என்பதால் இரண்டாவதே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒற்றர் தலைவர் உயிரோடிருந்து இதைக் கேட்டிருந்தால் ஓவியரின் பாடு திண்டாட்டந்தான்.

பலகையும் ஒரு சாட்சி. அக்கால இங்கிலாந்து ஓவியர்கள் விரும்பியது பால்டிக் கடற்கரை நாடுகளிலிருந்து வந்த ஓக் மரம். மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் வளர்க்கும் என்பதைத் தாவரவியலில் படித்திருப்பீர்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலம். வறண்ட ஆண்டில் குறுகல். ஒரே வட்டாரத்தில் வளர்ந்த மரங்களிலெல்லாம் இந்த அகலமும் குறுகலும் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருக்கும். பலகையின் ஓரத்தில் வளையங்களை அளந்து, ஆண்டு தெரிந்த வரிசையோடு பொருத்திப் பார்த்தால் கடைசி வளையம் எந்த ஆண்டினது என்று தெரியும். அந்த ஆண்டுக்கு முன் படம் வரையப்பட்டிருக்க முடியாது; அவ்வளவுதான் சொல்லலாம். தச்சர் வெளிப்பக்கத்து வளையங்கள் சிலவற்றைச் செதுக்கி எறிந்திருப்பார். மரமும் சில காலம் கிடங்கில் கிடந்திருக்கும்.

மூன்றாம் ரிச்சர்டு அரசர் 1485இல் போர்க்களத்தில் இறந்தார். கூடத்தில் உள்ள அவர் படமோ 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. வரைந்தவர் அரசரைக் கண்டிருக்க வழியில்லை. ஏதோ பழைய படத்தைப் பார்த்து எழுதியது அது. 2012இல் லெஸ்டர் நகரில் வண்டி நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. படங்களின்மேல் இருந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க எலும்பே வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

இனி, விட்ட இடத்துக்கு வருவோம். ஷேக்ஸ்பியரின் படம் என்று சொல்லப்பட்ட இன்னொன்று ‘ஃபிளவர் படம்’. இது இக்கூடத்துக்குச் சொந்தமானதன்று, சோதனைக்காக வந்தது. படத்திலேயே 1609 என்று எழுதியிருக்கிறது. ஷேக்ஸ்பியர் 1616 வரை வாழ்ந்தவர். எனவே நேரில் பார்த்து வரைந்ததாகவே பலர் கொண்டாடினார்கள். 2005இல் வண்ணத்தை ஆராய்ந்தார்கள். அதில் குரோம் மஞ்சள் இருந்தது. காரீய குரோமேட் என்று வேதியியலில் நீங்கள் வீழ்படிவாக்குவீர்களே, அதே பொருள். குரோமியம் என்ற தனிமமே 1797இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது! அந்த மஞ்சள் ஓவியர்களின் கைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஒரு தனிமத்தின் பிறந்த நாள், ஒரு படத்தின் பொய்யை அம்பலப்படுத்திவிட்டது.

சாண்டோஸ் படமும் சோதிக்கப்பட்டது. அதன் வண்ணங்களும் உடையும் ஷேக்ஸ்பியரின் காலத்துக்குப் பொருந்துகின்றன. ஆனால் காலம் பொருந்தியதாலேயே ஆள் அவர்தாம் என்று ஆகிவிடுமா? ‘எப்போது?’ என்ற கேள்விக்கு இயற்பியல் விடை சொல்லும். ‘எப்போது அல்ல’ என்பதை அதைவிட உறுதியாகச் சொல்லும். ‘யார்?’ என்று கேட்டால் வாய் திறக்காது. அதற்குக் கடிதம், கணக்கு, உயில் என்று பழந்தாள்களைப் புரட்டுவோர் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் விடை உண்டென்று எண்ணும் மாணவர்களுக்கு இந்தப் படத்தைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

சாட்சி பொய் சொல்லாவிட்டாலும் கிழடு தட்டலாம். 1575ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டிய எலிசபெத்தின் ‘டார்ன்லி படம்’ மிகப் புகழ்பெற்றது. அதில் அரசியின் முகம் வெளிறி, கிட்டத்தட்டச் சுண்ணாம்பு போல இருக்கும். அரசி அப்படித்தான் இருந்தார் என்று பலரும் நம்பினார்கள். உண்மையில் கன்னத்தில் செம்மை தீட்டியே இருந்தது. அந்தச் சிவப்பு, ஒளி பட்டால் மங்கும் சாயவகை. நானூறு ஆண்டு வெளிச்சம் அதைத் தின்றுவிட்டது. வெயிலில் காய்ந்த சட்டை நிறம் போவது போலத்தான். ஒவ்வொரு ஒளித்துகளும் சாய மூலக்கூறு ஒன்றை உடைக்கக்கூடும், உடைந்தது உடைந்ததே. இத்தகைய மென்மையான படங்களை, குறிப்பாகத் தாளில் தீட்டியவற்றை, அருங்காட்சியகங்களில் ஏறத்தாழ 50 லக்ஸ் அளவுள்ள மங்கிய ஒளியில் வைப்பது இதனால்தான். ‘ஏன் இப்படி இருட்டாக வைத்திருக்கிறார்கள்?’ என்று இனிச் சலித்துக்கொள்ள மாட்டீர்கள் அல்லவா?

இதுவரை பூச்சுக்கு அடியில் மறைந்தவற்றைப் பார்த்தோம். எதையும் மூடாமல், கண்ணெதிரே வைத்தே மறைத்த படமும் ஒன்று உண்டு. 1546இல் வில்லியம் ஸ்குரோட்ஸ் தீட்டிய இளவரசர் எட்வர்டின் படம் அது. அப்போது எட்வர்டுக்கு ஒன்பது வயது. பலகையின் உயரம் சுமார் 42 சென்டிமீட்டர், நீளமோ 160. நேரே நின்று பார்த்தால் முகம் ரப்பர் போல இழுபட்டு, மூக்கு நீண்டு, சிரிப்புத்தான் வரும். சட்டத்தின் ஓரத்தில் ஒரு வெட்டுவாய் விட்டிருக்கிறார்கள். அங்கே கண்ணை வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் இழுபட்ட முகம் சுருங்கி அழகான சிறுவனாகிவிடும்.

நீளம் L உள்ள கோட்டை θ கோணத்தில் சாய்வாகப் பார்த்தால் L sin θ அளவே தெரியும். 15 பாகைக்கு சைன் மதிப்பு 0.26. ஆக 160 சென்டிமீட்டர் 41 ஆகச் சுருங்கும். சாலையில் ஓட்டுநருக்காக எழுதும் எழுத்துகளை நெடுக இழுத்து எழுதுவதும் இதனால்தான்.

நீங்களே செய்து பாருங்கள். ஒரு தாளில் பக்கம் 8 சென்டிமீட்டர் உள்ள சதுரம் வரைந்து 64 கட்டங்களாகப் பிரித்து, அதில் நண்பரின் முகத்தை வரையுங்கள். இன்னொரு நீண்ட தாளில் 8 சென்டிமீட்டர் உயரமும் 32 சென்டிமீட்டர் நீளமும் உள்ள செவ்வகம் வரைந்து, அதையும் 64 கட்டங்களாக்குங்கள்; ஒவ்வொன்றும் 4 சென்டிமீட்டர் அகலம். கட்டத்துக்குக் கட்டம் படத்தைப் பெயர்த்து எழுதி, தாளைச் சுவரில் ஒட்டி, ஓரத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். முகம் திரும்பி வரும். ஆனால் சற்றுக் கோணலாக! கண்ணுக்கு அருகிலுள்ள பாதி பெரிதாகவும் தொலைவிலுள்ள பாதி சிறிதாகவும் தெரியும். இதைச் சரிசெய்யத் தொலைவுக் கட்டங்களை எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்பதை வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு கணக்கிடலாம். ஸ்குரோட்ஸும் இந்தக் கணக்கோடு மல்லாடியிருப்பார்.

தூரிகையோடு ஒளிப்படக் கருவியும் சேர்ந்துகொண்ட காலத்துக்கு வருவோம். வில்லியம் ஹெர்ஷலின் மகன் ஜான் ஹெர்ஷலும் இந்தக் கூடத்தில் இருக்கிறார். 1867இல் ஜூலியா மார்கரெட் கேமரான் எடுத்த ஒளிப்படம் அது. கலைந்த வெண்முடி, இருளிலிருந்து எழும் முகம். ஒளிப்படத்தை மங்காமல் நிலைநிறுத்தும் ‘ஹைப்போ’ உப்பின் குணத்தை 1819இலேயே கண்டவர் இந்த ஜான் ஹெர்ஷல்தான். தந்தை கண்ட கதிர் ஓவியங்களின் அடித்தளத்தைக் காட்டுகிறது; மகன் கண்ட உப்பு அவர் முகத்தையே காத்து வைத்திருக்கிறது. கேமரான் அம்மையார் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டாவது வயதில் முதல் காமிராவைக் கையில் எடுத்தவர். 1879இல் இலங்கையில் காலமானார்.

டாரதி ஹாட்ஜ்கின் படம் 1985இல் மேகி ஹேம்ப்ளிங் வரைந்தது. தாள்கள் இறைந்த மேசையில் அந்த முதிய பெண்மணி வேலையில் ஆழ்ந்திருக்கிறார். கவனித்துப் பார்த்தால் அவருக்கு நான்கு கைகள்! ஓயாது இயங்கும் கைகளை ஓவியர் அப்படிக் காட்டினார். இளமையிலேயே முடக்குவாதம் தாக்கிய கைகள் அவை. எக்ஸ்-கதிர்கள் படிகத்தில் பட்டுச் சிதறும் புள்ளிகளிலிருந்து மூலக்கூறுகளின் வடிவத்தைக் கணக்கிட்டவர் அவர். 1964இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இன்சுலின் படிகத்தை முதன்முதலில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தது 1934இல். அதன் அமைப்பு முழுதும் விளங்கியது 1969இல். அந்தக் கடைசிக் கட்டத்தில் உடன் உழைத்த குழுவில் நம் நாட்டு எம். விஜயனும் இருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே மூலக்கூறு! மேசைமேல் இருக்கும் மாதிரி அந்த இன்சுலினுடையதுதான்.

கடைசியாக ஒரு படம். இதில் கண் இல்லை, மூக்கு இல்லை. மனித மரபணுத் திட்டத்தின் பிரிட்டிஷ் பகுதியை நடத்திய ஜான் சல்ஸ்டனின் உருவப்படமாக மார்க் குவின் 2001இல் செய்தது. சல்ஸ்டனின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாகப் பாக்டீரியாக்களில் பெருக்கி, அகார் கூழில் வளர்த்து, எஃகுச் சட்டத்தில் பொருத்தியிருக்கிறார். உள்ளங்கை அளவு, மங்கலான புள்ளிகள், அவ்வளவுதான்.

‘இது உருவப்படமா?’ என்று என் வகுப்பில் கேட்டேன். ‘ஷேக்ஸ்பியர் படத்துக்கு இல்லாத சான்று இதற்கு இருக்கிறதே சார், இது அவர்தான் என்று சோதித்தே சொல்லிவிடலாம்’ என்றான் ஒருவன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, ‘அவரைத் தெருவில் பார்த்தால் இதை வைத்து அடையாளம் சொல்ல முடியுமா?’ என்றாள். மணி அடித்த பிறகும் அவர்கள் சண்டை ஓயவில்லை. மறுநாளும் தொடர்ந்தது.